வெற்றித்தேரின் பின்குரல்

பண்டைய ரோமில் பகைநாட்டை வென்று திரும்பிய தளபதிக்கு நகரமே திரண்டு ஒரு விழா எடுத்தது. அதற்கு மேலான மரியாதை அந்த ஊரில் இருந்ததில்லை. பொன்வேலை செய்த ஊதா ஆடை, நான்கு குதிரை பூட்டிய தேர், முன்னால் சங்கிலியோடு நடக்கும் தோற்ற அரசர்கள், கொள்ளைப் பொருள் ஏற்றிய வண்டிகள், பின்னால் பாட்டுப் பாடி வரும் படைவீரர்கள். அந்த ஒரு நாள் தளபதி ஜூபிடர் கடவுளின் கோலத்திலேயே ஊர்வலம் போவார். அதே தேரில் அவருக்குப் பின்னால் ஓர் அடிமையும் நிற்பான். பொன்முடியைத் தளபதியின் தலைக்கு மேலே தாங்கிப் பிடிப்பது அவன் வேலை. நீயும் மனிதன்தான் என்று காதோரம் நினைவூட்டுவதும் அவன் வேலையே எனப் பின்னாளில் தெர்த்துல்லியன் எழுதிவைத்தார். அதிகாரம், புகழ், மனித மனம் ஆகியவற்றைப் பற்றி ரோமானியர் யோசித்ததில் பெரும்பகுதி இந்தக் காட்சிக்குள் அடங்கிவிடும். வெற்றியை அவர்கள் வெறுத்ததில்லை. வென்றவனை அவனுடைய பெருமிதத்தோடு தனியே விட்டால் ஆபத்து என்பதை அறிந்திருந்தார்கள்.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கத்தக்க வழி ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அது பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையில் தொடங்கி, சாத்தனூர், அரியலூர், கீழையூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் சென்று, கொள்ளிடத்தின் குறுக்கே கிடக்கும் அணைக்கரையில் முடிகிறது. சொந்த வண்டி இருந்தால் விடியலில் கிளம்பி இருட்டுவதற்குள் முடித்துவிடலாம். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டமும், அதிலிருந்து ஒருமுறை பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனித்த அரியலூர் மாவட்டமும் சுற்றுலாக்காரர்கள் அதிகம் தங்காத பகுதிகள். மேற்கே மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். கிழக்கே முந்திரிக்காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும். மழை குறைந்த இந்த மண்ணில் ஒரு பேரரசு தன் தலைநகரை வைத்திருந்தது என்று நம்புவதற்கே முதலில் கொஞ்சம் முயற்சி வேண்டியிருக்கிறது.

ரஞ்சன்குடிக் கோட்டை சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. பேருந்தில் போகும் ஆயிரக்கணக்கானோர் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் எழுப்பிய கோட்டை இது. அகழி, வளைந்த கொத்தளங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக உயரும் மூன்று மதில் அடுக்குகள், மேலே அரண்மனைச் சுவர்கள், கீழே நிலவறை. சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில் செதுக்கிய கல் வரிசைகள் இன்றும் அசையாமல் பொருந்தி நிற்கின்றன. 1751இல் இதன் அருகே வாலிகண்டபுரத்தில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் படையும் முகமது அலியின் படையும் மோதின. முன்னவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர், பின்னவருக்குப் பின்னால் ஆங்கிலேயர். அன்று முகமது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலப் படை திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது. சந்தா சாகிப்புக்கு ஆர்க்காட்டு அரியணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே அவர் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்து தலை வெட்டப்பட்டார். அந்தத் தலை முகமது அலிக்கு அனுப்பப்பட்டது.

ரோம வரலாறு படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பாம்பேயஸ் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். ஜூலியஸ் சீசரிடம் தோற்று எகிப்துக்கு ஓடிய அவரைக் கி.மு. 48இல் கரையிறங்கும்போதே கொன்றார்கள். சீசரை மகிழ்விக்கலாம் என்று அவருடைய தலையைக் கொண்டுபோய் நீட்டினார்கள். சீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார் என்று புளூடார்க் எழுதுகிறார். பாம்பேயஸ் ஒருகாலத்தில் சீசரின் நண்பர், மருமகனும்கூட. நான்கு ஆண்டு கழித்து சீசர் குத்துப்பட்டு விழுந்தது அதே பாம்பேயஸின் சிலையடியில். வெற்றி பெற்றவனுக்கும் தோற்றவனுக்கும் இடையே உள்ள தொலைவு சில காலடிகளே என்பதை ரோமானியர் இந்தக் கதையிலிருந்துதான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டார்கள். முகமது அலிக்கு வாளால் முடிவு வரவில்லை. அவரை வீழ்த்தியது கடன். போர்ச் செலவுக்காகக் கிழக்கிந்தியக் கும்பெனியிடமும் அதன் ஊழியர்களிடமும் வாங்கிய கடன் வட்டிமேல் வட்டியாகப் பெருகி, பிரிட்டிஷ் நாடாளுமன்றமே விவாதிக்கும் அளவுக்குப் போயிற்று. 1795இல் அவர் இறந்தார். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியைக் கும்பெனி எடுத்துக்கொண்டது. யாருக்காக ரஞ்சன்குடிச் சமவெளியில் வீரர்கள் மடிந்தார்களோ அந்த நாற்காலி அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் காலியாகிவிட்டது.

பெரம்பலூரைக் கடந்து தெற்கே திரும்பினால் சாத்தனூர். ஊருக்கு வெளியே, கம்பிவேலிக்குள், ஓடைப் பள்ளத்தில் கிடக்கிறது கல்லாகிப்போன ஒரு மரம். நீளம் 18 மீட்டர். வயது ஏறக்குறைய பன்னிரண்டு கோடி ஆண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதை உலகுக்கு அறிவித்தார். அந்தக் காலத்தில் கடல் இந்தப் பகுதிக்குள் புகுந்து கிடந்தது. கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு வந்து கடலடிச் சேற்றில் புதைந்தது. அதன் இழைகளுக்குள் மணற்சத்து மெல்ல மெல்ல ஏறி மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. தொட்டால் குளிர்ந்த கல். பார்த்தால் நேற்று வெட்டிப் போட்ட அடிமரம். மரத்தின் ரேகை கண்ணுக்குத் தெரிகிறது.

கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்க்கஸ் அவ்ரேலியஸ் தன் கடைசி ஆண்டுகளைப் பெரும்பாலும் தன்யூப் ஆற்றங்கரைப் போர்ப் பாசறைகளில் கழித்தார். அங்கே இரவில் தனக்குத்தானே கிரேக்க மொழியில் குறிப்பு எழுதிக்கொள்வது அவர் வழக்கம். யாருக்கும் காட்டுவதற்காக எழுதியவை அல்ல அவை. தலைக்கு முன்னால் முடிவில்லாத காலம், முதுகுக்குப் பின்னால் முடிவில்லாத காலம், நடுவில் ஒரு கணம் மனிதன் என்பது அவர் திரும்பத் திரும்ப வந்து சேரும் இடம். இறந்தபின் தன்னைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஏங்குபவன், பேசப்போகிறவர்களும் சாகப்போகிறவர்களே என்பதை மறந்துவிடுகிறான் என்றும் எழுதினார். அலெக்சாந்தரும் அவருடைய கோவேறு கழுதையை ஓட்டியவனும் செத்தபின் ஒரே நிலைக்குத்தான் வந்தார்கள் என்றும் எழுதினார். உலகத்தின் பெரும்பகுதியை ஆண்ட ஒருவரே இதைச் சொல்லிக்கொண்டார் என்பதில்தான் இந்தக் குறிப்புகளின் கனம் இருக்கிறது. காலத்தின் அளவை எடுத்துக்காட்ட அவர் கையில் இருந்தவை சில நூற்றாண்டுகள் மட்டுமே. சாத்தனூர் மரத்தை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அரியலூருக்குப் போகும் சாலையில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளே அதிகம். அந்தக் கல் முழுவதும் பழைய கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடு. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சிப்பிகள் படலம் படலமாக வெளிப்படுகின்றன. வாரணவாசியில் அரசு அமைத்த புதைபடிவ அருங்காட்சியகத்தில் இவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் நின்று பார்க்க வேண்டியது அம்மோனைட். சுருண்ட ஆட்டுக்கொம்பு போன்ற, விலா விலாவாக வரியோடிய ஓடு. உள்ளங்கை அளவிலும் உண்டு, வண்டிச் சக்கரத்தை நினைவூட்டும் அளவிலும் உண்டு. இதன் பெயருக்கு ஒரு நெடிய கதை இருக்கிறது. எகிப்தின் அம்மோன் கடவுளுக்கு ஆட்டுக்கடாவின் கொம்பு. இந்த வடிவக் கல்லை அம்மோனின் கொம்பு என்று ரோமானிய அறிஞர் மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்றில் குறித்தார். அதே கடவுளின் மகன் தான் என்று சொல்லிக்கொண்டவர் அலெக்சாந்தர். அவர் இறந்தபின் அச்சிட்ட நாணயங்களில் தலையோரம் அந்தக் கொம்பு சுருண்டிருக்கிறது.

ரோமானிய எழுத்தாளர்கள் பேராசைக்கு எடுத்துக்காட்டு தேடும்போதெல்லாம் அலெக்சாந்தரிடம்தான் போனார்கள். செனெக்கா அவரை ஊர்களை அழித்த கொள்ளைக்காரர் என்றே கண்டித்தார். ஓர் உலகம் போதாமல் புழுங்கிய அந்த இளைஞனுக்குக் கடைசியில் ஒரு சவப்பெட்டி போதுமானதாக இருந்தது என்ற கருத்தை ஜூவனல் தன் பத்தாம் அங்கதப் பாடலில் வைத்தார். கடவுளின் மகனாக அவரைக் காட்டிய கொம்பு இன்று ஒரு கடலுயிரினத்தின் பெயராக மட்டும் நிலைத்திருக்கிறது. அரியலூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயரை உச்சரிக்கும்போது எந்த மன்னனும் அவர்கள் நினைவில் இல்லை.

அரியலூருக்குத் தெற்கே மேலப்பழுவூரும் கீழையூரும். சோழருக்கு அடங்கி இப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர்களின் ஊர் இது. முதலாம் பராந்தகனுக்குப் பெண் கொடுத்த குடும்பம். அவர்கள் எடுப்பித்த அவனிகந்தர்வ ஈசுவர கிருகம் என்ற இரட்டைக் கோயில் கீழையூரில் அமைதியாக, பெரும்பாலும் ஆளரவமின்றி நிற்கிறது. தமிழ் வாசகர்களுக்குப் பழுவேட்டரையரைத் தெரிந்தது இந்தக் கல்வெட்டுகளால் அல்ல. 1950இலிருந்து கல்கி எழுதிய தொடர்கதையால். வெண்கலத்தைவிட நீடித்த நினைவுச்சின்னத்தைத் தன் பாட்டுகளால் எழுப்பிவிட்டதாக ரோமானியக் கவிஞர் ஹோரஸ் பெருமிதத்தோடு எழுதினார். கீழையூரில் அது உண்மையென்று படுகிறது. கொஞ்சம் வருத்தமும் தருகிறது. கதையில் வரும் முதிய வீரரைத் தேடி வருபவர்கள், கோயில் கட்டிய மெய்யான மனிதர்களின் பெயரைப் படிக்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஜெயங்கொண்டம் தாண்டிச் சில கிலோமீட்டர் போனதும் சமவெளியின் மேல் ஒரு கோபுரம் எழுகிறது. ஒன்பது நிலை, ஏறக்குறைய 55 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இதைவிட உயரம், கோடு பிசகாமல் நேராக ஏறும். கங்கைகொண்ட சோழபுரத்து விமானமோ நடுவில் உள்வாங்கி வளைந்து போகிறது. தஞ்சைக் கோயிலைக் கட்டிய அப்பன் ராஜராஜனைவிட உயர்த்திக் கட்டும் வல்லமை இருந்தும் மகன் ராஜேந்திரன் அதைச் செய்யவில்லை. 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இந்தக் கோயில் சேர்ந்தது.

1012இல் தந்தை ராஜராஜனோடு இளவரசனாக முடிசூடி, 1014இலிருந்து 1044 வரை ஆண்டவர் முதலாம் ராஜேந்திரன். ஈழத்து அரச முடிகளும், பாண்டியன் அங்கே ஒளித்துவைத்த முடியும் அவர் கைக்கு வந்தன. 1022–23ஐ ஒட்டி அவருடைய படை கங்கைவரை போயிற்று. 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி ஊரூராகக் கோயில் சுவர்களில் வெட்டப்பட்டது. ரோமில் இதற்கு நேர்நிகரான ஒன்று இருந்தது. அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தன்மையில் தானே எழுதி, தன் கல்லறை வாசலில் வெண்கலத் தகடுகளில் பொறிக்கச் சொன்னார். அவர் இறந்தது கி.பி. 14இல், ராஜேந்திரன் ஆட்சிக்குச் சரியாக ஆயிரம் ஆண்டு முன்பு. வெண்கலத் தகடுகள் உருகிப் போய்விட்டன. இன்று படிக்கக் கிடைப்பது துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் வெட்டிய படியே. ஆண்டவர்களின் பெருமையைக் காப்பாற்றியது இரு நாட்டிலும் கோயில் சுவர்தான்.

அகஸ்டஸின் முகம் தமிழ்நாட்டுக்கும் வந்தது, மிளகுக்கும் முத்துக்கும் விலையாக. 1898இல் புதுக்கோட்டைப் பகுதிக் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் 501 பொற்காசுகள். மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது காசு அல்ல, வெறும் பொன் என்று காட்டுவதற்கான வெட்டாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ரோமில் அந்த முகத்தை அவமதித்தால் உயிர் போகும். இங்கே அதன் எடையை மட்டும் பார்த்தார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குள்ளும் வெற்றி ஊர்வலத்தின் சுவடுகள் இருக்கின்றன. தாமரை வடிவப் பீடத்தில் தேரோடு செதுக்கிய நவக்கிரகச் சிற்பம் சாளுக்கிய நாட்டுக் கைவண்ணம். ரோமில் டைட்டஸின் வளைவில் எருசலேம் கோயிலின் ஏழுகிளை விளக்கைச் சுமந்து வரும் வீரர்களைச் செதுக்கியிருப்பதை இதோடு ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு. ரோமில் கொள்ளைப் பொருள் காட்சிக்கு வந்தது. இங்கே வந்தது வழிபாட்டுக்குப் போயிற்று. பறித்ததும் பறித்ததே என்றாலும், தோற்றவனின் தெய்வத்துக்கு வென்றவன் ஊரில் இன்றும் விளக்கேற்றுகிறார்கள்.

வடக்கு வாயிற்படியின் பக்கச் சுவரில் இருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் தகும். சிவன் உமையோடு அமர்ந்திருக்கிறார். காலடியில் சண்டேசர் கைகூப்பித் தலைகுனிந்திருக்கிறார். இறைவன் தன் கையால் கொன்றை மாலையை அவர் தலையில் சுற்றுகிறார். மாலையைச் சுற்றும் விரல்களின் மென்மையைக் கல்லில் கொண்டுவந்த சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சண்டேசர் உருவில் இருப்பது ராஜேந்திரனே, இது அவருக்கு இறைவன் சூட்டும் முடி என்று ஆய்வாளர் பலர் படிக்கிறார்கள். அந்தப் படிப்பு சரியென்றால் ரோமானியத் தேரின் காட்சி இங்கே வேறு வடிவில் வந்திருக்கிறது. அங்கே வென்றவன் நிமிர்ந்து நிற்க, அடிமை பின்னால் நின்று முடியைத் தாங்கினான். இங்கே கடாரம் வரை போன மன்னன் தரையில் அமர்ந்து குனிந்திருக்கிறான்.

மெய்க்கீர்த்தியில் இந்தக் குனிவு கிடையாது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்லும் கங்கைப் பயணக் கதையிலும் கிடையாது. தோற்ற அரசர்களின் தலையில் கங்கை நீர்க் குடங்களை ஏற்றித் தளபதி கொண்டுவந்தார், கோதாவரிக் கரையில் மன்னர் எதிர்கொண்டார் என்பது அந்தக் கதை. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கனக விசயரின் தலையில் ஏற்றிக் கங்கையில் நீராட்டிக் கொண்டுவருகிறான். அவன் அரண்மனைக்கு மாடலன் என்ற மறையோன் வருகிறான். வஞ்சி நகரின் பெருமிதம் உச்சத்தில் இருக்கும்போது, உனக்கு ஐம்பது வயதாகிவிட்டது, போர்க்களத்தில்தான் வேள்வி செய்திருக்கிறாய், உன் முன்னோரில் யார் மிஞ்சினார், செல்வமும் இளமையும் உடலும் நிற்குமா என்ற பொருளில் அரசனிடம் நேரே பேசுகிறான். செங்குட்டுவன் சினக்கவில்லை. சிறைப்பட்ட வட அரசர்களை விடுவிக்கிறான். ரோமின் அடிமை ஒரு நாள் ஊர்வலத்துக்கு நியமிக்கப்பட்டவன். மாடலனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் சொன்னான். புறத்திணைகளில் நிலையாமைக்கென்றே காஞ்சி என்று ஒரு திணையை ஒதுக்கியவர்கள் தமிழர். இந்த விஷயத்தில் ரோமிடம் கடன் வாங்க வேண்டிய நிலையில் தமிழ் என்றும் இருந்ததில்லை.

கோயிலுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில், உட்கோட்டை கிராமத்தில், மாளிகைமேடு. சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டுகள் குறிக்கும் அரண்மனை நின்ற வளாகம் இது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலும், மறுபடி 2021ஐ ஒட்டியும் இங்கே அகழ்ந்தது. குழிகளில் தெரிவது இடுப்பளவு செங்கல் அடித்தளம், கூரை ஓடுகள், இரும்பாணிகள், சீனத்துப் பீங்கான் சில்லுகள். மன்னர் வாழ்ந்த வீடு செங்கல்லும் மரமும். இறைவன் வாழ்ந்த வீடு மட்டும் கல். அதனால் ஒன்று போயிற்று, ஒன்று நின்றது. செங்கல்லாக இருந்த ரோமைப் பளிங்காக்கிவிட்டுப் போகிறேன் என்று அகஸ்டஸ் பெருமைப்பட்டதாக சூட்டோனியஸ் எழுதினார். அந்தப் பளிங்கும் பின்னாளில் சுண்ணாம்புச் சூளைக்குப் போயிற்று. ரோமானியர் கூடி அரசியல் பேசிய மன்றம் பல நூற்றாண்டு மாடு மேயும் வெளியாகக் கிடந்தது.

மாளிகைமேட்டின் செங்கல்லைச் சுற்றுப்பட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜூவனலின் அதே பத்தாம் பாடலில் டைபீரியஸ் பேரரசரின் வலக்கையாக இருந்த செஜானஸின் கதை வருகிறது. கி.பி. 31இல் ஒரே நாளில் அவர் வீழ்ந்தார். நேற்றுவரை வணங்கிய வெண்கலச் சிலையை உலையில் போட்டு உருக்கிக் குடமும் தட்டும் வாணலியும் செய்தார்கள். சிலையாக இருந்ததைவிட வாணலியாக இருந்தபோது அந்த வெண்கலம் கூடுதலாக உதவியிருக்கும்.

ராஜேந்திரனுக்குப் பின் வந்த கதையும் வெற்றியும் சாவும் கலந்தது. மகன் ராஜாதிராஜன் 1054இல் கொப்பத்துப் போரில் யானைமேலேயே இறந்தார். களத்திலேயே தம்பி முடி சூடிக்கொண்டார். 1070இல் அதிராஜேந்திரன் அரியணையேறிய சில வாரங்களில் இறக்க, சாளுக்கிய வழிப் பேரன் குலோத்துங்கனிடம் ஆட்சி போயிற்று. 1279க்குப் பிறகு சோழ அரசு என்று ஒன்றில்லை. தலைநகரம் கிராமமாயிற்று.

ராஜேந்திரன் இறந்த இடம் இந்த வழித்தடத்தில் இல்லை. செய்யாறு அருகே பிரம்மதேசம் என்கிறார்கள். அங்கே சந்திரமௌலீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மன்னரோடு உடன்கட்டையேறிய அரசி வீரமாதேவிக்காக, அவருடைய உடன்பிறந்தவரான தளபதி மதுராந்தகப் பரகேசரி வேளான் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு அறக்கட்டளை வைத்த செய்தி அது. கங்கையைக் கொண்டுவந்த மன்னரின் மரணத்தோடு சேர்ந்து நிற்பது வழிப்போக்கர் தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர். மெய்க்கீர்த்தியின் நீண்ட பட்டியலைவிட இந்தச் சிறு கல்வெட்டு மனத்தை அசைக்கிறது. திருக்குறளில் புகழ் என்ற அதிகாரத்தை ஈகைக்கு அடுத்தே வைத்திருப்பதன் காரணமும் இங்கே விளங்குகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்திலேயே ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி கிடக்கிறது. மக்கள் பொன்னேரி என்கிறார்கள். கங்கை நீரை ஊற்றிய இந்த ஏரியைச் செப்பேடுகள் நீரால் ஆன வெற்றித்தூணாகச் சொல்கின்றன. ஏரிக்கரை 16 மைல் நீளம் இருந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. இன்று ஏரி சுருங்கியிருக்கிறது. மதகுகளும் வாய்க்கால்களும் பராமரிப்பைக் கேட்டு நிற்கின்றன. ஆனாலும் மழை பெய்த ஆண்டில் கரையில் நின்றால் கண் எட்டும் தூரத்துக்குத் தண்ணீர் தெரியும். கொக்குகள் இறங்கும். கீழே நெல் பச்சை கட்டும்.

கி.பி. 97இல் ரோமின் குடிநீர்ப் பொறுப்பை ஏற்ற ஃபிரான்டினஸ் என்ற முதிய அதிகாரி அந்நகருக்கு நீர் கொண்டுவந்த ஒன்பது கால்வாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எகிப்தின் பிரமிடுகளும் கிரேக்கரின் புகழ்பெற்ற கட்டடங்களும் யாருக்கும் பயன்படாதவை, இந்தக் கால்வாய்களை அவற்றோடு ஒப்பிடவே கூடாது என்பது அவர் தீர்ப்பு. தனக்கு நினைவுச்சின்னம் வேண்டாம் என்றும் அவர் சொல்லிவிட்டுப் போனார். வாழ்ந்த வாழ்வுக்குத் தகுதி இருந்தால் நினைவு தானே நிற்கும் என்று அவர் கருதியதை இளைய பிளினி தன் கடிதத்தில் பதிந்திருக்கிறார். ரோமில் தத்துவம் எழுதியவர்களை எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைக் கணக்கெடுத்த இந்த மனிதரையும் அவர்களோடு சேர்த்தே படிக்க வேண்டும். புகழைப் பற்றி அவர்கள் பல பாகங்களில் விவாதித்ததை ஃபிரான்டினஸ் தன் வேலையிலேயே முடித்துவிட்டார்.

பயணத்தின் கடைசி ஊர் அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை இங்கே இருக்கிறது. இதற்குக் கல் போதவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலையும் வாயில் கோபுரத்தையும் பெயர்த்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். ஊர்மக்கள் தடுத்தார்கள். தண்டனைதான் கிடைத்தது. எடுத்த கல்லுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் உரியபடி காப்பாற்றப்படவில்லை என்று 1855ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று வருந்துகிறது. ரோமில் கொலோசியத்தின் கல்லைப் பெயர்த்து மாளிகைகள் எழுப்பியதற்கு இருந்த நியாயத்தைவிட இதற்குக் கூடுதல் நியாயம் உண்டு, ஏனென்றால் இது பாசனத்துக்குப் போயிற்று. கல்வெட்டுள்ள கற்களைப் படியெடுக்காமல் எடுத்தது மன்னிக்க முடியாத தவறு என்பதும் அதே அளவு உண்மை.

கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாகப் போய்ச் சேரும் இடம் வீராணம் ஏரி. முதலாம் பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதிலிருந்து வந்த பெயர் அது. 2004இலிருந்து அங்கிருந்து குழாய் வழியே சென்னைக்குக் குடிநீர் போகிறது.